நாற்பது வாரம், ஆறு வயது: வீட்டில் ஆங்கிலம் கற்பிக்கத் திட்டமிடுவது எப்படி?

டிசம்பர் மாதம். உணவு மேசைமேல் புது நாட்காட்டி. பக்கத்திலேயே கடையில் வாங்கிய ஆறு பயிற்சி நூல்கள். பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர முடிவெடுத்த தாய், ஒரு நாளைக்கு நான்கு பக்கம் என்று கணக்குப் போடுகிறார். மார்ச் மாதத்தில் பக்கக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. தவறு பிள்ளையிடமா, திட்டத்திடமா?

இந்தக் கேள்வியைச் சிங்கப்பூர்ப் பெற்றோர் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. அதன்படி, வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விதிவிலக்குப் பெற வேண்டும். அதற்குப் பாடத்திட்டமும் கால அட்டவணையும் கொடுக்க வேண்டும். பிள்ளை பின்னர் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் எழுத வேண்டும். அவ்வாண்டு தேர்வு எழுதுவோரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், அடியிலிருந்து 33 விழுக்காட்டு நிலையையாவது எட்ட வேண்டும். இதை நினைத்துத்தான் பலர் முதல் நாளிலிருந்தே எழுதவைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆனால் அந்தத் தேர்வே வேறு பாடம் சொல்கிறது. 2025 முதல், ஆங்கிலப் பாடத்தின் 200 மதிப்பெண்களில் வாய்மொழித் தேர்வுக்கு 40, கேட்டல் தேர்வுக்கு 20. பத்தில் மூன்று பங்கு, காதுக்கும் நாவுக்கும் உரியது! வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் ஒதுக்கினார் அல்லவா?

நாட்காட்டியை எப்படிப் பிரிப்பது?

பள்ளி ஆண்டில் நான்கு தவணைகள். தவணைக்குப் பத்து வாரம். வீட்டிலும் அந்த நாற்பது வாரத்தையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தவணைக்கு ஒன்பது வாரத்துக்கு மட்டும் பாடம் வகுத்து, ஒரு வாரத்தைக் காலியாக விட வேண்டும். காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார், தம்பி பாப்பா பிறக்கும். அந்த வாரம் இல்லாத திட்டம் முதல் காய்ச்சலிலேயே கவிழ்ந்துவிடும்.

முதல் தவணை காதுக்கு. தமிழில் 'ப' என்ற ஓர் எழுத்தே இரண்டு ஒலிகளைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் குண்டூசியும் குப்பைத்தொட்டியும் வெவ்வேறு ஒலியில் தொடங்கும் இரண்டு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' தான். இந்த வேறுபாட்டைக் காது பிடிக்காத வரை, கை எழுதும்போது தடுமாறத்தான் செய்யும். பாட்டு, கதை, ஒலி விளையாட்டு ஆகியவையே இந்தத் தவணையின் பாடம்.

இரண்டாம் தவணையில் எழுத்தும் ஒலியும் சேரும். ஆங்கிலத்துக்கு எழுத்து 26. ஒலியோ ஏறத்தாழ 44. எழுத்துகளின் பெயரைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. கூடவே, பார்த்தவுடன் படிக்க வேண்டிய 'தி', 'வாஸ்' போன்ற சொற்களையும் தொடங்கலாம். அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் தொகுத்த பட்டியலில் இத்தகைய சொற்கள் 220. முதலாண்டில் பாதி போதும். வாரத்துக்கு நான்கு சொல் என்றால், மீதமுள்ள 27 பாட வாரங்களில் 108 சொற்கள் ஆகிவிடும்.

மூன்றாம் தவணையில் சிறு வாக்கியங்களைப் படிக்கலாம்; நான்காவதில் இரண்டு மூன்று வரி எழுதலாம். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவது அன்று இது. கதை கேட்பது ஆண்டு முழுவதும் தொடர வேண்டும்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்?

வாரத்துக்கு ஒரே ஒரு படக்கதை நூல். நாளுக்கு இருபது நிமிடம். திங்களன்று ரசிப்பதற்காக மட்டும் படித்துக் காட்டலாம். செவ்வாயன்று சொல்லுக்குச் சொல் விரல் வைத்துப் படிக்கலாம். புதனன்று பிள்ளையும் சேர்ந்து படிக்கட்டும். வியாழனன்று பிள்ளை படம் வரைந்து கதை சொல்ல, தாய் அதை எழுதிக்கொள்ளலாம். வெள்ளியன்று அந்த வரிகளைப் பிள்ளையே படிக்கட்டும். நியூசிலாந்தின் டான் ஹோல்டவே பரப்பிய கூட்டு வாசிப்பு முறையை ஒட்டியதுதான் இது. நம் தொடக்கப்பள்ளிகளின் கீழ்நிலை வகுப்புகளிலும் அம்முறை உண்டு. நூல்களை நூலகத்தில் இரவல் பெறலாம். தம் உச்சரிப்பில் ஐயமுள்ள பெற்றோர் ஒலிநூலைப் போட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்கலாம்.

இன்னொன்று. ஆங்கிலம் வளர வேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டாம். தாய்மொழியும் தேர்வுப் பாடம்தான். அதைவிட முக்கியம், பாட்டி சொன்ன நரிக்கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பழகிய பிள்ளை, ஆங்கிலக் கதையிலும் அப்படியே ஊகிக்கும்.

அடுத்த டிசம்பரில் எத்தனை பக்கம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பிள்ளை ஒரு படக்கதையைத் தானே எடுத்து, பாட்டிக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டி, அதையே தமிழில் சொல்லட்டும். சொல்ல முடிந்தால் ஆண்டுத் திட்டம் வென்றது. தவறிய பாடத்தை அடுத்த ஆண்டு பிடித்துவிடலாம். ஆறு வயதில் வந்த வெறுப்பைப் போக்குவது எளிதன்று.