முந்தி ஏறினால் முன்னேற்றமா?

உதைபந்தாட்டக் கழகங்களின் தரமுயர்வு பற்றிய ஓர் ஆராய்ச்சி

நம் பள்ளிக்கூடங்களிலே முன்னொரு காலத்தில் இரட்டை வகுப்பேற்றம் என்றொரு வழக்கம் இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளையொன்றை மூன்றாம் வகுப்பிலிருந்து நேரே ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றிவிடுவர். பெற்றோர் பூரித்துப் போவர். அயலவர் மூக்கில் விரலை வைப்பர். ஆயினும், அப்பிள்ளை தாண்டிச் சென்ற நான்காம் வகுப்புக் கணக்கு என்றோ ஒருநாள் எதிரே வந்து நின்றே தீரும். அதனை வென்று மேலேறிய பிள்ளைகளும் உண்டு. அதிலே இடறிப் பின்தங்கிய பிள்ளைகளும் உண்டு.

விளையாட்டுக் கழகங்களுக்கும் இந்த வினா பொருந்தும். உதைபந்தாட்டத்திலே கீழ்ப்பிரிவில் வெற்றி பெற்ற கழகம் மேற்பிரிவுக்கு ஏறுகிறது; மேற்பிரிவிலே தோற்ற கழகம் கீழே இறங்குகிறது. ஏறுகின்ற நாளிலே பட்டாசும் மாலையும் பாராட்டுக் கூட்டமும் குறைவின்றி நடக்கின்றன. ஆனால், ஆயத்தமாகு முன்னரே முதற் பிரிவை எட்டிவிடுவது ஒரு கழகத்திற்கு நன்மையா, தீமையா? கொட்டாஞ்சேனையிலே ரட்ணம் விளையாட்டுக் கழகத்தின் ஆட்டத்தைப் பார்த்துத் திரும்பும் பெரியவர்களும், வெள்ளவத்தைக் கடற்கரை மணலிலே பந்துதைக்கும் மாணவர்களும் சிந்திக்கத் தக்க வினா இது.

ஏற்றத்தின் விலை

முதற் பிரிவு என்பது சற்றுக் கடினமான இரண்டாம் பிரிவு அன்று. அது வேறோர் உலகம். கீழ்ப்பிரிவிலே ஆடுவோரிற் பலர் பகலில் ஒரு தொழில் பார்த்து, மாலையிலே பயிற்சிக்கு வருபவர்கள். மேலே சென்றதும் பிரயாணச் செலவு பெருகுகிறது. மைதானம் திருந்த வேண்டியிருக்கிறது. பயிற்சியாளருக்கும் வைத்தியருக்கும் வேதனம் கொடுக்க வேண்டியிருக்கிறது. தோல்விகள் தொடரும்போது, எப்படியாவது பிரிவைக் காத்துக்கொள்ள வேண்டுமென்ற பதற்றத்திலே வெளியிலிருந்து ஆட்டக்காரரை விலைக்கு வாங்குகின்றனர். கழகத்தை மேலேற்றிவிட்ட அயற்பையன்கள் ஓரத்து வாங்கிலே அமர்ந்து பார்க்கின்றனர். ஆண்டிறுதியிலே கழகம் கீழே விழுமாயின், பிரிவும் போய், பணமும் போய், பையன்களும் போய்விடுகின்றனர். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இது வெறும் அச்சமன்று. இங்கிலாந்திலே நோர்தாம்ப்டன் என்னும் பட்டினத்துக் கழகம் 1961ஆம் ஆண்டிலே நான்காம் பிரிவிலிருந்து ஏறத் தொடங்கிற்று. 1963இல் மூன்றாம் பிரிவைக் கடந்தது. 1965இல் முதற் பிரிவையே அடைந்துவிட்டது. அதன் மைதானமோ கிரிக்கெட் கழகத்தோடு பங்கிட்டுக்கொண்டது. மூன்று பக்கங்களில் மாத்திரமே பார்வையாளருக்கு இடமிருந்தது. ஒரே ஆண்டிலே, 1966இல், கீழே இறங்கிற்று. 1967இல் மறுபடியும் இறங்கிற்று. 1969இலே புறப்பட்ட நான்காம் பிரிவுக்கே திரும்பி வந்து சேர்ந்தது. எட்டே ஆண்டுகளில் மலையேறி இறங்கிய அக்கழகம் அதன் பின்னர் முதற் பிரிவைக் கண்டதேயில்லை.

ஒரே கழகம், மூன்று ஏற்றங்கள்

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், ‘விரைந்து ஏறுவது கேடு’ என்று முடிவுகட்டி விடலாம். ஆனால், அந்நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள இப்ஸ்விச் என்ற துறைமுகப் பட்டினத்தின் கதை அம்முடிவுக்கு இடங்கொடுக்கவில்லை.

அல்ப் ராம்சி என்னும் பயிற்சியாளரின் கீழ் இக்கழகம் 1961இலே இரண்டாம் பிரிவை வென்று, தன் வரலாற்றிலே முதன்முறையாக முதற் பிரிவில் அடியெடுத்து வைத்தது. மறு ஆண்டே, 1962இல், நாட்டின் சம்பியனாயிற்று! ஆயினும், ராம்சி 1963இலே தேசிய அணியின் பொறுப்பை ஏற்றுச் சென்றுவிட்டார். அவர் வளர்த்த அவ்வணியே 1966இல் உலகக் கிண்ணத்தை வென்றது. இப்ஸ்விச்சோ 1963-64இல் 42 ஆட்டங்களிலே 121 கோல்களை வாங்கி, கடைசி இடத்திலே நின்று கீழிறங்கியது. ஒருவருடைய மதிநுட்பத்தின்மேல் ஏறிய ஏற்றம், அவர் சென்றதும் சரிந்துவிட்டது.

அதே கழகம் 1968இல் மறுபடி ஏறியது. அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற பொபி ரொப்சன் இளைஞர்களைத் தேடிப் பொறுமையோடு வளர்த்தார். இம்முறை 18 ஆண்டுகள், 1986 வரை, முதற் பிரிவிலே நிலைத்து நின்றது. 1978இல் இங்கிலாந்தின் எப். ஏ. கிண்ணத்தையும், 1981இல் ஐரோப்பிய யுவேபா கிண்ணத்தையும் கொண்டுவந்தது.

நாம் நோக்கும் மூன்றாவது ஏற்றம் அண்மைக் காலத்தது. 2023இல் மூன்றாம் படியிலிருந்தும், 2024இல் இரண்டாம் படியிலிருந்தும் அடுத்தடுத்து ஏறி, பிரீமியர் லீக்கை அடைந்தது, 2025இல் இறங்கிவிட்டது. அவ்வாண்டு அதனோடு புதிதாய் ஏறியிருந்த லெஸ்டர், சௌதாம்ப்டன் ஆகிய மற்றிரு கழகங்களும் கூடவே இறங்கின. அதற்கு முந்திய ஆண்டிலும் புதிதாய் ஏறிய மூன்றும் இறங்கியிருந்தன. பணபலம் மிகுந்த இக்காலத்திலே முதலாண்டைத் தாண்டுவது எத்துணைக் கடினம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஐசோலும் கோயம்புத்தூரும்

இனி நம் அயல்நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் வடகிழக்கு மூலையிலே, மிசோராம் மலைகளின்மேல் அமைந்த ஊர் ஐசோல். அவ்வூர்க் கழகம் 2015இல் இரண்டாம் பிரிவை வென்று, அந்நாளில் அந்நாட்டின் முதற் பிரிவாக விளங்கிய ஐ-லீக்கிற்கு ஏறியது. 2015-16இலே ஒன்பது கழகங்களுள் எட்டாவதாக வந்தது. கடைசியாக வந்த கழகம் நேரடியாகச் சேர்க்கப்பட்டதாகையால் அதற்கு இறக்கமில்லை என்பது விதி. ஆகவே ஐசோல் இறக்கப்பட்டது. ஆயினும், அதே காலத்தில் பெடரேஷன் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்று, மோகன் பகானிடம் தோற்றிருந்தது. பெரியோரோடு மோதிக் கற்ற பாடம் வீண்போகவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

பின்னர் கோவாக் கழகங்கள் சில லீக்கிலிருந்து விலகவே, ஐசோல் மறுபடியும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அடுத்து நடந்ததோ எவரும் எதிர்பாராதது. காலித் ஜமீல் பயிற்சியளித்த அவ்வணி, 2017 ஏப்ரல் 30ஆம் திகதி ஷில்லோங்கிலே கடைசி ஆட்டத்தைச் சமப்படுத்தி, 37 புள்ளிகளோடு வாகை சூடியது. 36 புள்ளிகளோடு பின்னின்றது மோகன் பகான். வடகிழக்கிலிருந்து தேசியச் சம்பியனான முதற் கழகம் ஐசோலே. அதற்கு இரண்டாவது ஆண்டு கிடைத்திராவிட்டால், முதலாண்டின் தோல்வி வெறுந் தோல்வியாகவே முடிந்திருக்கும்.

தமிழகத்துச் சென்னை சிட்டிக் கழகத்தின் கதையும் அறியத் தக்கது. கீழ்ப்பிரிவை வென்று வராமல், 2016-17இல் நேரடியாகவே ஐ-லீக்கிலே இடம்பெற்றது அது; நாம் சொன்ன இரட்டை வகுப்பேற்றம் அதுவே. முதலிரு ஆண்டுகளிலும் பத்துக் கழகங்களுள் எட்டாவதாகவே வந்தது. அத்தோல்விக் காலத்திலேயே, கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞரான மைக்கல் சூசைராஜ் அக்கழகத்திலே ஆடிப் பெயரெடுத்து, பின்னர் இந்திய அணியிலும் இடம்பெற்றார். மூன்றாம் ஆண்டிலே சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ், பெத்ரோ மான்சி 21 கோல்களை அடிக்க, 2019 மார்ச் 9ஆம் திகதி கோயம்புத்தூரிலே மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, சென்னை சிட்டி சம்பியனாயிற்று. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகமும் அதிலே பங்கு வாங்கியது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எத்துணை இனிமையாயிருக்கும்! ஆனால், 2021-22ஆம் ஆண்டின் ஐ-லீக் பட்டியலிலே சென்னை சிட்டியின் பெயரே இல்லை. கிண்ணத்தை ஏந்தி மூன்று ஆண்டு நிறையுமுன் தேசிய மேடையிலிருந்தே அக்கழகம் மறைந்துவிட்டது. விரைந்து ஏறியதால் அது ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது. நிலைத்து நிற்பதற்கோ ஆட்டத்துக்கப்பாலும் சில வேண்டியிருந்தன.

தோற்கும் காலமும் கற்கும் காலமும்

இவ்விடத்திலே நம் நாட்டுக் கிரிக்கெட்டையும் ஒருகணம் நினைத்துப் பார்ப்பது தகும். இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து 1981இல் கிடைத்தது. முதல் ஆட்டம் 1982 பெப்ரவரி 17ஆம் திகதி, தமிழ் யூனியன் கழகத்தின் மைதானமாகிய, பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் தாங்கிய பொரளை அரங்கிலே ஆரம்பமாயிற்று. இரண்டாம் இனிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 ஓட்டங்களோடு நிமிர்ந்து நின்ற நம்மவர் 175க்குச் சுருண்டனர்; இங்கிலாந்து 7 விக்கெட்டுகளால் வென்றது. ஆனால் 1985இலே, அதே மைதானத்திலே, தன் 14ஆவது ஆட்டத்தில் இந்தியாவை வென்று இலங்கை முதல் வெற்றியைப் பெற்றது. 1996இலே உலகக் கிண்ணமும் வந்தது.

2000இல் அந்தஸ்துப் பெற்ற வங்காளதேசமோ 35ஆவது ஆட்டத்திலே, 2005இலேதான் முதல் வெற்றியைக் கண்டது. காலத்துக்கு முந்திக் கொடுத்துவிட்டார்கள் என்று பலர் எள்ளினர். அவ்வணியே 2024இல் பாக்கிஸ்தானுக்குச் சென்று, இரண்டு ஆட்டங்களிலும் வென்று திரும்பியது. மறுபுறத்திலே கென்யாவைப் பாருங்கள். 2003இல் உலகக் கிண்ண அரையிறுதி வரை வந்த அந்நாட்டுக்கு டெஸ்ட் அந்தஸ்துக் கிட்டவேயில்லை. 2014இல் ஒருநாள் ஆட்ட அந்தஸ்தையும் இழந்தது. காத்திருந்ததனாற் கனியாமல், காத்திருந்தே வாடிய செடியும் உண்டு.

எனவே, தோற்பது கேடன்று. டெஸ்ட் ஆட்டத்திலே தோற்றவரைக் கீழிறக்கும் விதி இருக்கவில்லை. ஆகையால் தோல்வி பாடமாயிற்று. உதைபந்தாட்டத்திலோ ஏணியின் அடிப்படி எந்நேரமும் காத்திருக்கிறது. முந்தி ஏறிய கழகம் கற்றுக்கொள்ளு முன்னரே இறக்கப்பட்டுவிடுகிறது. ஏறியது எந்த ஆண்டு என்பதைவிட, தோற்றுக்கொண்டே கற்பதற்கு அதற்கு எத்தனை ஆண்டு கிடைத்தது என்பதே முக்கியம் என்பது எமது துணிபு.

நம் கொழும்புக் கழகங்கள்

நம் நாட்டிலே 2021ஆம் ஆண்டு சூப்பர் லீக் என்னும் போட்டி பத்துக் கழகங்களோடு ஆரம்பிக்கப்பட்டது. கொட்டாஞ்சேனை ரட்ணமும் அவற்றுள் ஒன்று. களுத்துறை புளூ ஸ்டார் வாகை சூடியது. அடுத்த ஆண்டு ஆசியக் கழகப் போட்டிக்காகக் கொல்கத்தா சென்ற புளூ ஸ்டார், மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றது. நம் முதற் பிரிவின் உச்சிக்கும் அயலாரின் உச்சிக்கும் உள்ள தூரம் அன்று தெரிந்தது. 2023 ஜனவரியிலே உலக உதைபந்தாட்டச் சங்கமான பீபா இலங்கையை இடைநிறுத்திற்று. தடை நீங்கியது ஆகஸ்டிலேதான். வீடே பூட்டிக் கிடக்கும்போது மேல்மாடிக்கு ஏறுவது எங்ஙனம்? ஆண்டுதோறும் ஒழுங்காக நடக்கும் லீக் இருந்தாலன்றித் தரமுயர்வு என்ற சொல்லுக்கே பொருளில்லை.

ஆகவே, மேற்பிரிவு வாசலிலே நிற்கும் கழகத்தின் நிருவாகிகள் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு கீழே இறங்க நேர்ந்தாலும் கடனின்றி நிற்க முடியுமா? பயிற்சியாளரோ சிறந்த ஆட்டக்காரரோ நாளை விலகினால், அவரிடத்தை நிரப்பப் பத்தொன்பது வயதுக்குட்பட்ட அணியிலே எவரேனும் உளரா? நம் பையன்களுக்கு மேற்பிரிவிலே ஆட இடம் கிடைக்குமா, அல்லது வாங்கிலே இருக்கத்தான் இடமா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின், காலம் முந்தியதே என்றாலும் தயங்காது ஏறலாம். நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே ஆகவேண்டும். விடை கிடையாதாயின், இன்னும் ஓராண்டு கீழே நின்று ஆழ உழுவதிலே அவமானமில்லை.

லீக்கை நடத்துவோர்க்கும் ஒரு கடமையுண்டு. புதிதாய் ஏறும் கழகத்தை முதலாண்டிலேயே கீழே தள்ளாமல், இரண்டாவது ஆண்டொன்றை அளிக்கும் விதியை அவர்கள் ஆலோசிக்கலாம். பெரும் பணத்தோடு நேரடியாக வருபவருக்கு அளிக்கப்படும் அச்சலுகை, சேற்றிலும் வெயிலிலும் ஆடி ஏறிவந்தவருக்கு மறுக்கப்படுவது நீதியாகுமா?

ரசிகப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பியனாகும் நாளிலே சுகததாச அரங்கு நிரம்புவதிலே வியப்பில்லை. ஏறிய முதலாண்டிலே, ஐந்தாறு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையிலே, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மைதானத்துக்குச் செல்லுங்கள். அன்று வாங்கும் நுழைவுச் சீட்டும் அன்று தட்டும் கையொலியுமே அக்கழகத்திற்கு அந்த இரண்டாவது ஆண்டைச் சம்பாதித்துக் கொடுப்பவை.