எண்ணியதும் எண்ணாததும்

கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "விஷயம் இவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. சென்ற ஆண்டில் நம் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கோஷ்டியைக் கவனிக்கும் பொறுப்பு, எதிர்பாராத விதமாய் நம் தலையில் வந்து விழுந்தது. அந்தப் பந்தை நாம் அதுவரையில் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனால் என்ன? நோட்டுப் புத்தகம் இருக்கிறது, பென்சில் இருக்கிறது! பயிற்சி ஆட்டங்களில் யார் யார் எத்தனை பாயிண்டு எடுத்தார்கள் என்று பத்து நாள் குறித்தோம். பட்டியலில் மேலே வந்த ஐந்து பேரைப் பொறுக்கிக்கொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு பந்தயத்துக்குப் புறப்பட்டோம்.

படுதோல்வி! பந்து கைக்கு வந்ததும் ஐவரும் கூடையைப் பார்த்தார்களே தவிர, பக்கத்தில் நிற்பவனை ஒருவனும் பார்க்கவில்லை.

மறுநாள் ஒரு பையனின் தகப்பனார் வந்தார். ஒல்லியான பையன், நம் பட்டியலில் கடைசிப் பெயர் அவனுடையது. "ஸார்! பையன் பாயிண்டே எடுப்பதில்லையாம். அதனால்தான் நீங்கள் சேர்க்கவில்லை என்கிறான். அப்படியானால் தினம் சாயங்காலம் மைதானத்தில் பொழுதைப் போக்குவானேன்? வீட்டில் உட்கார்ந்து படிக்கட்டுமே!" என்றார். நியாயமான கேள்விதான். ஆயினும், தோற்றுப்போன நம் பட்டியலை நம்பிப் பதில் சொல்ல மனம் துணியவில்லை. "ஒரு மாதம் தவணை கொடுங்கள், அதுவரை அவனை நிறுத்தவேண்டாம்" என்று கேட்டுக்கொண்டோம். அந்த ஒரு மாதத்தில் நாம் படித்தறிந்த சங்கதிகளையே இங்கே நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

இந்த ஆட்டம் பிறந்தது 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில். அங்கே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உபாத்தியாயராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை உயரத்தில் அடித்து, 13 விதிகளையும் எழுதி வைத்தார். அந்த ஸ்தாபனத்தில் பயின்ற ஹாரி க்ரோ பக் என்பவர்தாம், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். பந்து கூடையில் விழுந்ததா, இல்லையா? நெய்ஸ்மித் காலத்தில் கணக்கு அவ்வளவுதான். நம் நோட்டுப் புத்தகமும் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது என்று சொல்லவேண்டும்.

பாயிண்டை மட்டும் எண்ணுவதில் உள்ள அபாயம் என்ன? அமெரிக்கத் தொழில்முறை லீகாகிய என்.பி.ஏ.யில் 1990-91-ஆம் ஆண்டுப் பந்தயங்களைப் பார்ப்போம். அவ்வருஷம் 27 கோஷ்டிகளில் மிக அதிகமாகப் பாயிண்டு குவித்தது டென்வர் நகரத்து நகெட்ஸ் கோஷ்டி. பந்தயத்துக்குச் சராசரி 119.9! இதை மட்டும் படித்தால், கோப்பையை அவர்கள்தாம் வாங்கியிருப்பார்கள் என்று தோன்றும். ஆனால் அவர்கள் ஆடிய 82 பந்தயங்களில் ஜயித்தவை 20, தோற்றவை 62. காரணம், எதிரிகளுக்கு அவர்கள் விட்டுக்கொடுத்தது சராசரி 130.8 பாயிண்டு! மாதம் 120 ரூபாய் சம்பாதித்து 131 ரூபாய் செலவழிக்கும் குடும்பத்தைச் செல்வந்தக் குடும்பம் என்று யாராவது சொல்வார்களா?

இன்னும் ஒரு சூக்ஷ்மம் இதில் இருக்கிறது. பந்து ஒரு கோஷ்டியின் கைக்கு வந்ததிலிருந்து மறு கோஷ்டியின் கைக்குப் போகும் வரையில் ஒரு 'முறை' என்று வைத்துக்கொள்வோம். ஒரு பந்தயத்தில் இரு கோஷ்டிகளுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையான முறைகள்தாம் கிடைக்கும். டென்வர் கோஷ்டியின் பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட், பந்து கிடைத்த சில விநாடிகளுக்குள் கூடைக்கு எறிந்துவிட வேண்டும் என்ற கொள்கை உடையவர். ஆகவே அவர்களுக்கு முறைகள் பெருகின. கூடவே எதிரிகளுக்கும் பெருகின. 100 முறைக்கு எத்தனை பாயிண்டு என்று வகுத்துப் பார்த்தால், பாயிண்டு குவிப்பதிலேயே அவர்கள் லீகின் சராசரிக்குக் கீழே இருந்தது தெரியவரும். அவர்கள் ஓட்டத்தில் வல்லவர்கள், ஆட்டத்தில் அல்ல.

சதவிகிதமும் இப்படித்தான் ஏமாற்றும். ஒருவன் கிட்ட நின்று 100 தடவை எறிந்து 50 தடவை கூடையில் போடுகிறான். மற்றொருவன் தூரத்துக் கோட்டுக்கு அப்பால் நின்று எறிந்து 35 தடவைதான் போடுகிறான். முதல்வனே கெட்டிக்காரன் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் கிட்டப் போட்டால் 2 பாயிண்டு, என்.பி.ஏ.யில் 1979-80 முதல் தூரத்தில் போட்டால் 3 பாயிண்டு. முன்னவனுக்கு 100; பின்னவனுக்கு 105! இந்தச் சின்னப் பெருக்கல்தான் பிற்காலத்தில் அமெரிக்க ஆட்டத்தின் முகத்தையே மாற்றியது.

டீன் ஆலிவர் என்பவர் 2004-இல் வெளியிட்ட நூலில், வெற்றி தோல்வியை நான்கு அம்சங்களாகப் பகுத்துக் காட்டினார். எறிந்த பந்து கூடையில் விழுவது முதலாவது. எறிவதற்கு முன்பே பந்தைப் பறிகொடுக்காமலிருப்பது இரண்டாவது. தவறித் திரும்பி வரும் பந்தைக் கைப்பற்றுவது மூன்றாவது. எதிரி செய்த தப்புக்காகக் கிடைக்கும் 'ப்ரீ த்ரோ'வைச் சம்பாதிப்பது நான்காவது. நூற்றுக்கு முறையே 40, 25, 20, 15 என்று அவற்றுக்கு மதிப்பும் கொடுத்தார். பாயிண்டுப் பட்டியலில் முதல் அம்சம் நன்றாகத் தெரியும். நான்காவது சிறிது தெரியும். மற்ற இரண்டும் தலை காட்டுவதேயில்லை.

எண்ணாமல் விட்டவற்றின் பெருமைக்கு ஓர் உதாரணம் உண்டு. 1961-62-இல் பிலடெல்பியா வாரியர்ஸ் கோஷ்டியின் வில்ட் சேம்பர்லின், பந்தயத்துக்குச் சராசரி 50.4 பாயிண்டு எடுத்தார். 1962 மார்ச் 2-ஆம் தேதி ஒரே பந்தயத்தில் 100 பாயிண்டு எடுத்து உலகத்தைப் பிரமிக்க வைத்தார். அதே வருஷம் பாஸ்டன் கோஷ்டியின் பில் ரஸல் எடுத்ததோ சராசரி 18.9. ஆயினும் சக ஆட்டக்காரர்கள் வோட்டுப் போட்டு, அவ்வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று ரஸலையே தேர்ந்தெடுத்தார்கள்! கோப்பையும் பாஸ்டனுக்கே போயிற்று. எதிரி எறியும் பந்தை வழியிலேயே தடுத்து, அதைத் தம் தோழர்கள் கைக்குத் தட்டிவிடுவது ரஸலின் வித்தை. அந்தத் தடுப்புகளை என்.பி.ஏ. அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74-இல். ரஸல் ஓய்வு பெற்றதோ 1969-இல்! எண்ணப்படாத அந்த வித்தையோடு அவர் 13 வருஷங்களில் 11 கோப்பைகள் வென்றார்.

சேம்பர்லினும் பாடம் கற்றார். 1966-67-இல் பிலடெல்பியாவின் புதிய கோஷ்டியாகிய செவன்டிசிக்ஸர்ஸில் ஆடியபோது, பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம் சொற்படி, தாம் எறிவதைக் குறைத்துத் தோழர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். அவருடைய சராசரி 24.1-க்கு இறங்கிற்று. கோஷ்டியோ 68 பந்தயங்களில் ஜயித்து, 13-இல் மட்டும் தோற்று, கோப்பையையும் வாங்கிற்று!

அப்படியானால், இத்தகைய மறைமுக உதவியை அளப்பது எவ்வாறு? ஒருவன் களத்தில் நிற்கும் நேரத்தில் தன் கோஷ்டி எடுத்த பாயிண்டிலிருந்து எதிரி எடுத்ததைக் கழித்துப் பார்ப்பது ஒரு வழி. ஹூஸ்டன் கோஷ்டியில் ஆடிய ஷேன் பேட்டியர் என்பவரைப் பற்றி 2009-இல் மைக்கேல் லூயிஸ் ஒரு பிரசித்தமான கட்டுரை எழுதினார். பேட்டியர் எடுத்த பாயிண்டு சொற்பம். ஆனால் அவர் நிற்கும்போது கோஷ்டி ஓங்கிற்று. எதிராளி எந்த இடத்திலிருந்து எறிந்தால் அதிகம் தவறுவான் என்று முன்கூட்டியே படித்துவைத்து, அந்த இடத்துக்கே அவனை ஒதுக்குவாராம். ஆனால் இந்தக் கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். நான்கு சூரர்களோடு நிற்கும் சோம்பேறிக்கும் நல்ல எண் வந்துவிடும். ஒரே பந்தயத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

இவ்வளவும் படித்த பின் நம் நோட்டுப் புத்தகத்தில் புதிய பத்தி ஒன்று போட்டோம். அடுத்த ஐந்து பந்தயங்களில் ஒல்லிப் பையனையும் இறக்கினோம். அவன் நின்ற நேரமெல்லாம் எதிரிகளின் கை தாழ்ந்தது. ஏன் என்று பிறகுதான் கண்ணால் பார்த்தோம். பந்து தவறித் திரும்பும் சமயத்தில், தன்னைவிட உயரமான எதிரியை முதுகால் மறித்து நிற்கிறான். பந்து தோழன் கையில் விழுகிறது. பட்டியலில் ஏறுவது தோழன் பெயர்!

தவணை தப்பாமல் தகப்பனார் வந்தார். ஐந்து பந்தயம் சிறிய அத்தாட்சிதான் என்பதையும் மறைக்காமல், நோட்டுப் புத்தகத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். சாயங்காலம் பையன் மைதானத்துக்கு வரலாம் என்று ஒப்புக்கொண்டார். வாசற்படி இறங்கியவர் திரும்பி நின்று, "அது சரி, ஸார்! இவ்வளவு கெட்டிக்காரனை முதல் பந்தயத்தில் ஏன் உட்கார வைத்தீர்கள்?" என்று கேட்டார்.

"அந்தத் தோல்வியை மட்டும் வாத்தியார் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றோம்.