பண்டரியின் ஏகாதசிப் பலகாரம்

ஆஷாட சுக்ல ஏகாதசியன்று விடியும் முன்பே பண்டரிபுரத்தின் சந்திரபாகை நதிக்கரை நிறைந்துவிடுகிறது. ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பாதுகைகளோடும், தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளோடும் ஏறத்தாழ மூன்று வாரம் நடந்து வந்த வார்கரிகள் நீராடி, செங்கல்மேல் நிற்கும் விட்டலனைத் தரிசிக்கப் பல மணி நேரம் வரிசையில் நிற்கின்றனர். அவர்களில் முதியோர் ஏராளம். அன்று அவர்களுக்கு அன்னம் கிடையாது.

அன்னம் இல்லையென்றால் பட்டினி என்பதில்லை. நம் பக்கத்துப் பெரியோர் ஏகாதசியன்று நீரும் அருந்தாமலோ, பால் பழத்தோடோ, ஒருவேளைப் பலகாரத்தோடோ இருப்பர். மராட்டியத்திலோ உபவாசத்திற்கென்றே தனிச் சமையல் உண்டு. 'ஏகாதசிக்கு இருமடங்கு சாப்பாடு' என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்ளும் பழமொழியும் மராட்டியில் வழங்குகிறது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்தவர்களைப் பொறுத்தவரை அது நியாயமற்ற கேலிதான்.

அச்சமையலில் முதலிடம் சாபுதாணா கிச்சடிக்கு, அதாவது ஜவ்வரிசிக் கிச்சடிக்கு. ஜவ்வரிசியைக் கழுவி, அளவான நீரில் இரவே ஊறவைக்கின்றனர். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். நீர் மிஞ்சினால் கூழாகிவிடும். வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்து அதனுடன் பிசிறி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. நெய்யில் சீரகம், பச்சைமிளகாய், உருளைக்கிழங்கு வதக்கி, ஜவ்வரிசியைச் சேர்த்துக் கிளறி, கண்ணாடிபோல் ஆனதும் இறக்குகின்றனர். உப்பு பெரும்பாலும் இந்துப்பு. கடுகு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவுமில்லை.

இந்த ஜவ்வரிசிக்கும் தமிழகத்திற்கும் நெருங்கிய உறவுண்டு. சேலம் வட்டாரத்து மரவள்ளிக்கிழங்கிலிருந்து தயாராகும் ஜவ்வரிசியே மராட்டியம் உள்ளிட்ட வடமாநிலங்களின் விரத அடுப்புகளுக்குப் பெருமளவில் செல்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மரவள்ளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, மிளகாய் ஆகிய நான்குமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. ஞானேஸ்வரர் வாழ்ந்த 13ஆம் நூற்றாண்டில் இவற்றுள் ஒன்றுகூட இந்நாட்டில் இல்லை. நெல், கோதுமை, பருப்பு ஆகாது. கிழங்கு ஆகும் என்ற விதிக்குள் பின்னாளில் வந்தவை இடம்பிடித்துக்கொண்டன. வேர்க்கடலையும் பயறினந்தானே என்று வாதிடுவோர் உண்டு. கிச்சடித் தட்டை ஏந்திய வார்கரி அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

இரண்டாமிடம் 'பகர்' என்னும் குதிரைவாலி, சாமை வகைச் சிறுதானியச் சோற்றுக்கு. வேர்க்கடலையை அரைத்து, கோகம் புளிப்பிட்ட குழம்பை அதன்மேல் ஊற்றி உண்கின்றனர். ஈரம் பட்ட பழைய பகரில் பூஞ்சை பிடித்து, விரத நாளில் பலர் வயிற்றுக் கோளாறுக்கு ஆளான செய்திகள் மராட்டியத்தில் வந்ததுண்டு. ஆகவே முழுத் தானியமாக வாங்கி, புடைத்துக் கழுவிச் சமைப்பதே நன்று.

பண்டரி செல்லும் நம் முதியோர் கவனிக்கவேண்டியது மற்றொன்று. ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. வயிற்றில் கனக்கும், சர்க்கரையையும் விரைவில் ஏற்றும். நீரிழிவுள்ளோர் கிச்சடியைச் சிறு கிண்ணத்தளவில் நிறுத்தி, மோரும் கொஞ்சம் வேர்க்கடலையும் சேர்த்துக்கொள்ளலாம். மாத்திரை உண்போர் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பது ஆபத்து. மருத்துவரைக் கேட்டுக்கொண்டே புறப்படவேண்டும். வரிசையில் நிற்க இயலாத வார்கரிகள் நாமதேவர் படியை வணங்கி, கோபுரக் கலசத்தைத் தரிசித்து நிறைவுடன் திரும்புகின்றனர். உணவிலும் அத்தகைய சலுகையை எவரும் குறை சொல்வதில்லை.

துவாதசியன்று நம் இல்லங்களில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இலையில் விழும். அங்கே பல வீடுகளில் பூரண போளியோடு பாரணை முடிகிறது. பிறகு பொரியும் கருநிற புக்காப் பொடியும் மூட்டையில் கட்டிக்கொண்டு, வந்த கூட்டம் ஊர் திரும்புகிறது.