மலையக வைத்தியசாலைகளிற் சான்றுவழித் தாதியியல்

இந்திய அரசின் உதவியுடன் அமைக்கப்பட்ட, 150 படுக்கைகளைக் கொண்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை 2017 மே 12ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அந்நாள் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பிறந்தநாளாகவும் உலகத் தாதியர் தினமாகவும் அமைந்தது. மலையகத்துக்குக் கட்டடமும் படுக்கையும் இன்றியமையாதவை. ஆயினும், அப்படுக்கையருகே நிற்கும் தாதி எதனை ஆதாரமாகக் கொண்டு செயற்படுகிறார் என்பது அவற்றுக்குக் குறையாத முக்கியத்துவமுடைய வினாவாகும்.

‘மேலோர் சொன்னது, வழமையாகச் செய்துவந்தது’ என்பன மட்டும் ஆதாரமாகா என்பதே சான்றுவழிப் பராமரிப்பின் அடிப்படை. கிரிமியப் போரில் இறந்த படையினருட் பெரும்பாலோர் காயங்களாலன்றித் தடுக்கத்தக்க நோய்களாலேயே மடிந்தனர் என்பதை நைற்றிங்கேல் எண்ணிக்கைகள் மூலம் நிறுவினார். 1972இல் ஆர்ச்சி கொக்றேன் சிகிச்சைகளின் பயன் முறையாகச் சோதிக்கப்படல் வேண்டுமென வாதிட்டார். 1996இல் டேவிட் சக்கெற்றும் அவர்தம் சகாக்களும் இந்நெறிக்கு வரைவிலக்கணம் வகுத்தனர். ஆய்வின் முடிவு, பணியாளரின் அனுபவம், நோயாளியின் நிலையும் விருப்பும் ஆகிய மூன்றும் இணைவதே இந்நெறி. மூன்றாவது கூறு பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

இதற்கான திறன்கள் ஐந்து: வினாவைத் தெளிவாக அமைத்தல், சான்றைத் தேடுதல், அதன் தரத்தை மதிப்பிடுதல், நோயாளிக்கேற்பப் பயன்படுத்தல், விளைவை மீளாய்தல். பிரசவ விடுதியிலிருந்து ஓர் உதாரணம் காண்போம். தோட்டப்புறத் தாய்மாரிடையே இரத்தச்சோகை நீண்டகாலப் பிரச்சினை. அங்கு பணிபுரியும் தாதி, ‘குழந்தையின் தொப்புள்கொடியை உடனே இறுக்குவதா, சிறிது தாமதித்து இறுக்குவதா நன்று?’ என வினவலாம். குறைந்தது ஒரு நிமிடம் தாமதித்தல் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாமதித்தால் குழந்தையின் இரும்புச்சத்துச் சேமிப்பு மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை மேம்பட்டிருக்கும் என 2013இல் வெளியான கொக்றேன் மீளாய்வு காட்டுகிறது. ஒளிச்சிகிச்சை தேவைப்படும் மஞ்சட்காமாலை சற்று அதிகரிக்கலாம் என்பதையும் அதே மீளாய்வு கூறுகிறது.

இங்கேதான் மூன்றாவது கூறு உயிர்நாடியாகிறது. தாய் வீடு திரும்பும் இடம் வெளிச்சம் குன்றிய லயன் அறையாயின், குழந்தையின் மஞ்சள் நிறத்தை அவள் எவ்வாறு கண்டறிவாள்? மலைப்பாதையில் எப்போது, எவ்வாறு திரும்பி வருவாள்? இவற்றை அவளிடம் கேட்டறிந்து, அவளுக்கு விளங்கும் தமிழிற் சொல்லாதவிடத்து, உலகின் மிகச்சிறந்த ஆய்வும் பாதியிலேயே நின்றுவிடும். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. ஆனால் தமிழறிந்த பணியாளர் பற்றாக்குறை மலையக வைத்தியசாலைகளில் நெடுங்காலமாகச் சுட்டப்பட்டு வந்துள்ள குறையாகும். ஆகவே நோயாளியின் மொழியைக் கற்பது பரிவின்பாற்பட்டது மட்டுமன்று. அது சான்று திரட்டும் திறனின் ஒரு பகுதியுமாகும்.

எனவே இப்பயிற்சி விரிவுரை மண்டபத்தோடு முடிதல் ஆகாது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய தாதியியற் பட்டநெறி உயர்கல்விக்கு வழிதிறந்தது. எனினும், சுழற்சிமுறைக் கடமையிலுள்ள தாதியர்க்கு விடுதியே வகுப்பறையாதல் வேண்டும். வாரம் ஒரு வினாவை விடுதியிலிருந்தே தெரிந்தெடுத்து, கடமை கைமாறும் வேளையிற் கலந்துரையாடலாம். கண்ட விடையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பக்கத்திற் சுருக்கி, வைத்தியர்களின் இணக்கத்தோடு நடைமுறைப்படுத்தி, சில மாதங்களின் பின் பதிவேடுகளைக் கொண்டு பயனை அளவிடலாம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. வினாவெழுப்பும் தாதியை அடங்காதவராகக் கருதாத நிர்வாகமே வேண்டும்.

தோட்ட மக்களின் மருத்துவத் தேவைகள் குறித்த 1912ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. தொழிலாளியின் உடல் அன்று உழைப்பின் கருவியாகவே கணிக்கப்பட்டது. அவ்வுடலுக்குரியவரின் சொல்லையும் சான்றாக மதிக்கும் தாதியியல், அறிவியலுக்கும் சமூக நீதிக்கும் ஒருங்கே செய்யும் பணியாகும்.