சாமையின் மேல்சட்டை

ஜவ்வாது மலை என்றதும் உங்களில் பலருக்குக் காவலூர் வானாய்வகம் நினைவுக்கு வரும். 1986-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. அதே மலையில் விளையும் இன்னொரு பொருளைப் பார்க்கத் தொலைநோக்கி உதவாது. கைலென்ஸ் இருந்தால் நல்லது. அதன் ஆயிரம் மணிகளை எண்ணித் தராசில் போட்டால் ஏறக்குறைய 2 கிராம்தான் தேறும். ஆயிரம் நெல்மணிகளோ 20 கிராம் அளவுக்கு வரும். எண்ணிப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் முயலலாம். அதுதான் சாமை.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் இன்று சாமைப் பொட்டலங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மேலே தலைப்பாகை கட்டிய ஓர் உழவரின் படம். 'இயற்கை', 'பதப்படுத்தாதது', 'மலைவாழ் மக்கள் விளைவித்தது' என்று வாசகங்கள். இவற்றைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போமா?

'பதப்படுத்தாத' சாமையை மாடு தின்னலாம்; நாம் தின்ன முடியாது. சாமை மணியை வழவழப்பான, கெட்டியான உமி மூடியிருக்கிறது. நம் குடலில் அது ஜீரணம் ஆகாது. உமியைக் கழற்றியே ஆகவேண்டும். அதுவும் பதப்படுத்துதல்தான். உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தி, மறுபடியும் புடைத்து... ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை பாடு. பாடுபட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். நெல் அரைக்கும் மில்லில் கொடுக்கலாமே என்பீர்கள். மணி மிகவும் சிறியது. நெல்லுக்கான இயந்திரம் இதற்குப் பொருந்தாது. தனி இயந்திரம் வேண்டும். அது மலையில் இல்லாதபோது உழவர் என்ன செய்வார்? உமியோடு மூட்டை கட்டி வியாபாரியிடம் விற்பார். உமி நீக்கும் கூலியும் பொட்டலம் கட்டும் லாபமும் மலைக்குக் கீழே தங்கிவிடும்.

உமிக்கு உள்ளே தவிடு இருக்கிறது. நார்ச்சத்து, இரும்பு, பி வகை வைட்டமின்கள் எல்லாம் இதில் அதிகம். எண்ணெயும் உண்டு. குத்தும்போது தவிட்டின் செல்கள் நசுங்குகின்றன. உடனே லைபேஸ் என்னும் நொதி எண்ணெயைப் பிரிக்கத் தொடங்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. சில வாரங்களில் சிக்கு வாடை வீசும். எனவே கடைக்காரருக்குத் தீட்டிய வெள்ளைச் சாமையே பிடிக்கும். தவிடு போய்விட்டதால் அது நீண்ட நாள் கெடாது. சத்தும் குறைந்துவிடும்.

உழவர் வீட்டிலோ சாமையை உமியோடு சேமித்து வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் குத்துவார்கள். உமி கழற்றாத மணி நெடுங்காலம் கெடாமல் இருக்கும். லைபேஸ் என்ற பெயர் தெரியாமலே அதை அடக்கி வைத்த உணவு விஞ்ஞானம் இது.

'இயற்கை' என்ற சொல்லுக்கு வருவோம். இரசாயன உரம் போட்ட சாமையையும் போடாத சாமையையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. எனவேதான் சான்றிதழ். அது தானியத்தின் சத்தைச் சொல்லவில்லை. நிலத்தில் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அங்ககச் சான்றளிப்புக்கு அரசுத் துறையே உண்டு. உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதித்துச் சான்றளிக்கும் முறையும் உண்டு. 2017-இல் வந்த விதிகளின்படி, 'அங்ககம்' என்று சொல்லி விற்கும் பொட்டலத்துக்குச் சான்று தேவை. மலையில் சாமை பெரும்பாலும் மழையை நம்பியே விளைகிறது. இரசாயனமே தொடாத உழவரிடமும் பதிவேடும் சான்றும் இல்லையென்றால், அவர் சாமை வெறும் சாமைதான்!

சத்தில் வித்தியாசம் உண்டா? 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சத்து அதிகம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றார்கள்; பூச்சிமருந்து எச்சம் குறைவு என்பதை ஒப்புக்கொண்டார்கள். 2014-இல் பிரிட்டனிலிருந்து வந்த தொகுப்பு சில பொருள்கள் கூடுதலாக இருப்பதாகக் கூறியது. விவாதம் முடியவில்லை.

பொட்டலத்துப் படத்துக்கு வருவோம். அந்தத் தலைப்பாகைக்காரர் பழைய காலத்திலேயே நின்றுவிட்டவர் என்று நகரத்தார் நினைக்கிறார்கள். சிலர் அதைப் புகழ்ச்சியாகவும் சொல்கிறார்கள். இந்த மலைமக்களுக்கு 'மலையாளி' என்று பெயர், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் புதிய சாமை ரகங்களை உருவாக்குகிறது. ஜமுனாமரத்தூரில் மலை உழவர்களே பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று நடக்கிறது. தானியத்தை மலையிலேயே உமி நீக்கி விற்றால் அந்தக் கூலியும் லாபமும் மேலேயே நிற்கும். அதற்கு இயந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும், கணக்கு எழுதத் தெரிந்தவர் வேண்டும். உலக்கையை விட்டு இயந்திரத்தைப் பிடித்தால் 'இயற்கை' போய்விட்டது என்று யாராவது வருத்தப்பட்டால், அவரை ஒரு படி சாமை குத்தச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த முறை 'சாமை பிஸ்கட்' வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். எடை அதிகமான பொருளை முதலில் எழுதவேண்டும் என்பது சட்டம். மைதாவும் சர்க்கரையும் முன்னால் நிற்கின்றனவா, சாமை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

வீட்டில் ஒரு சோதனையும் செய்யலாம். தீட்டாத சாமையரிசி, தீட்டிய சாமையரிசி இரண்டையும் தனித்தனிப் பாட்டில்களில் மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து முகர்ந்து பார்த்துக் குறித்து வாருங்கள். வெயில் காலமானால் விடை சீக்கிரம் கிடைக்கும்.