ஓர்கிட் செடியின் வேர் அழுகினால்

பிறந்தநாளுக்கும் புதுவீடு புகும்போதும் இங்கே பலர் ஓர்கிட் செடியை அன்பளிப்பாகத் தருவார்கள். சில மாதங்களில் இலை வாடும். தண்ணீர் போதவில்லை என்று நாங்களும் நாள்தோறும் ஊற்றுவோம், செடி செத்துவிடும். காரணம் தாகமல்ல. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. அதனாலேயே இலை வாடுகிறது.

கடைகளில் அதிகம் விற்கும் ‘ஃபலனோப்சிஸ்’ ஆசியாவின் வெப்பக் காடுகளில் மரங்களில் ஒட்டி வளரும் இனம். எங்கள் ஊர் மாமரத்துக் குருவிச்சையைப் போல இது மரத்தின் சாற்றை உறிஞ்சாது. இதன் வேருக்கு மழையோடு காற்றும் வேண்டும்.

செடியைக் காப்பாற்றுவது எப்படி? சாடியிலிருந்து எடுத்துப் பழைய கலவையை உதறுங்கள். பச்சையாகவோ வெள்ளி நிறமாகவோ உள்ள கெட்டியான வேர் நல்லது. மண்ணிறமாகி நசிபவற்றை, நெருப்பில் காட்டி ஆறவிட்ட கத்தரிக்கோலால் வெட்டுங்கள். துளையுள்ள சாடியில் புதிய மரப்பட்டைத் துண்டுகளை இட்டு நடுங்கள். மண் வேண்டாம். சில நாள் கழித்தே தண்ணீர் விடுங்கள். பின்னர் வேர் வெள்ளி நிறமானால் மட்டும் ஊற்றி, முழுதும் வடியவிடுங்கள். லண்டன் குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவு, தண்ணீரையும் குறையுங்கள். ஹீட்டருக்கு மேலே வைக்காதீர்கள்.

புதுவேர் வர மாதங்கள் ஆகலாம். ஒரு நல்ல வேர் மிஞ்சியிருந்தாலும் எறிந்துவிடாதீர்கள்.