ஆயிரம் ரூபாய்க்கு அடிமை! மீட்பது யார்? மீண்ட பிறகு நடப்பது என்ன?

ஆடு மாடு விற்கச் சந்தை உண்டு. அங்கே தரகர் இருப்பார். துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்.

மனிதர்களை விற்கவும் வாங்கவும்கூட ஒரு சந்தை இருக்கிறது. அதற்கு இடம் கிடையாது, நாள் கிடையாது. ரெயில் நிலையத்தில் நடக்கும். பஸ் நிலையத்தில் நடக்கும். வீட்டுத் திண்ணையிலேகூட நடக்கும். "நல்ல வேலை, கை நிறையச் சம்பளம், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு" என்ற ஆசை வார்த்தையில் வியாபாரம் முடிந்துவிடும்!

இதற்குச் சட்டத்தில் "ஆள் கடத்தல்" என்று பெயர். இதைப் போலீசார் தனியாக ஒழித்துவிட முடியாது. தொண்டு நிறுவனங்களும் தனியாக ஒழித்துவிட முடியாது. சர்க்காரும் தொண்டர்களும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னைக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

காலில் விழுந்த முதியவர்

2019-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள கோனேரிக்குப்பம் ஓர் இடம். அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த பருவமேடு மற்றோர் இடம். இரண்டு இடங்களிலும் மரம் வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில் சப்-கலெக்டர்கள் போய் இறங்கினார்கள்.

அங்கே 13 குடும்பங்களைச் சேர்ந்த 42 பேர் இருந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். வாங்கிய கடனுக்காகப் பல ஆண்டுகளாக அங்கேயே உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒரு முதியவர். அவர் வாங்கிய கடன் எவ்வளவு தெரியுமா? 1,000 ரூபாய்!

விடுதலை என்று கேட்டதும் அந்த முதியவர் அதிகாரியின் காலில் விழுந்துவிட்டார். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. பார்த்தவர்கள் நெஞ்சம் பதறினார்கள்.

அதிகாரிகளுக்குத் துப்புக் கொடுத்தது யார்? "விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் சங்கம்" என்ற அமைப்பு. ஒரு காலத்தில் தாங்களே கொத்தடிமைகளாக இருந்து மீண்டவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது! பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அடிமைப்பட்டவனின் துயரத்தை, அடிமைப்பட்டு மீண்டவன்தான் முதலில் கண்டுகொள்கிறான்.

அந்தச் சமயத்தில் தாம்பரமும் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. அதே ஆண்டு நவம்பர் மாதம்தான் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. ஆகவே இது எங்கோ தொலைதூரத்தில் நடந்த கதை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

சங்கிலி இல்லாத சிறை

"கதவு திறந்துதானே இருக்கிறது? ஓடிப்போக வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள்.

ஒரு குடும்பம் 20,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்யாணச் செலவாக இருக்கலாம். வைத்தியச் செலவாக இருக்கலாம். கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கிறது. வாங்கியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாரம் 300 ரூபாய் சாப்பாட்டுக்குக் கொடுக்கிறார்கள். அதையும் கடனில் சேர்த்து எழுதுகிறார்கள். காய்ச்சலில் படுத்தால் அந்த நாளுக்கும் பற்று எழுதுகிறார்கள். ஆண்டு முடியும்போது கடன் 20,000 ரூபாயிலிருந்து 35,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது!

இதுதான் சங்கிலி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இரும்பைவிட உறுதி. ஓடிப்போனால் பின்னால் இருக்கும் அண்ணனை அடிப்பார்கள், தாயை மிரட்டுவார்கள். அந்தப் பயத்திலேயே ஆயுள் கழிந்துவிடும்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இந்தச் சட்டப்படி, அப்படிப்பட்ட கடன் செல்லவே செல்லாது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. "இது கொத்தடிமைக் கடன் இல்லை" என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது. குற்றவாளிக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

சட்டம் வந்த பிறகும் அடிமைகள் இருந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு நியமித்த கமிஷனர்கள் 1995-ல் கொடுத்த அறிக்கை, தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் அதிகமான கொத்தடிமைகள் இருப்பதாகக் கூறியது. மாநில அரசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஆனால் அரசு எடுத்த கணக்கிலும் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள்.

தாம்பரத்தில் ஏன் கவலை?

தாம்பரம் தென் மாவட்டங்களுக்கு வாசல். மேற்கு வங்காளம், அசாம் பக்கத்திலிருந்து வரும் நெடுந்தூர ரெயில்கள் சிலவும் இங்கே வந்து நிற்கின்றன. 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் அடுக்கு மாடி வீடுகள் எழும்புகின்றன. மறைமலைநகர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் பெருகியிருக்கின்றன.

வேலை இருக்கும் இடத்துக்கு ஆள் வருவது இயற்கை. வருகிறவர்களில் பெரும்பாலோர் நேர்மையாக உழைத்துப் பிழைக்க வந்தவர்கள். ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவே தரகனும் வருகிறான். மொழி தெரியாத இளைஞன், துணை இல்லாத பெண், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த சிறுவன் — இவர்கள்தான் அவன் தேடும் சரக்கு!

2022-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தாம்பரத்துக்கென்று தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகம் இயங்குகிறது. தாம்பரம், சேலையூர், பல்லாவரம், பள்ளிக்கரணை, கேளம்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாம் அதன் எல்லைக்குள் வருகின்றன.

ரெயில்வே பாதுகாப்புப் படையினர் ஆள் கடத்தலைத் தடுப்பதற்கென்றே தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை மீட்பதில் அனுபவம் உள்ள "பச்பன் பச்சாவ் ஆந்தோலன்" இயக்கத்தோடு தொடர்புடைய தொண்டு அமைப்புடன் 2022-ம் ஆண்டு மே மாதம் அவர்கள் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள்.

தரகன் இப்போது கடல் தாண்டியும் அனுப்புகிறான். "தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை" என்று நம்பிப் போய், மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழர்கள் 13 பேர், 2022-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மீட்கப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். படித்த பிள்ளைகளும் ஏமாறுகிறார்கள் என்பதற்கு இது அத்தாட்சி.

சட்டத்திலேயே தொண்டருக்கு இடம்!

போலீசாரோடு தொண்டர்கள் போவது புதிய பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

1930-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் விபசார ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. சட்டம் மட்டும் போதாது, தலை சாய்க்க ஒரு கூரையும் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். இன்றைக்கும் அது அடையாறில் இருக்கிறது.

1956-ல் இந்தியா முழுவதற்கும் சட்டம் வந்தது. அதில் ஒரு விதி: இந்தக் குற்றங்களைக் கவனிக்கும் போலீஸ் அதிகாரிக்கு ஆலோசனை சொல்ல, 5 பேருக்கு மிகாமல் சமூகத் தொண்டர்கள் கொண்ட குழுவை அரசு அமைக்கலாம். பின்னர் சேர்க்கப்பட்ட இன்னொரு விதி: மீட்கப்பட்ட பெண்ணைப் பெண் போலீஸ் அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால், அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு பெண் உடன் இருக்க வேண்டும்.

ஏன் இந்த ஏற்பாடு? அடிபட்ட பெண்ணுக்குக் காக்கிச் சட்டையைக் கண்டாலே நடுக்கம். "போலீசில் சொன்னால் உன்னைத்தான் உள்ளே தள்ளுவார்கள்" என்று தரகன் சொல்லி வைத்திருப்பான். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, அவள் மொழியிலேயே பேசினால்தான் வாய் திறக்கும்.

யாருக்கு என்ன வேலை?

சென்னையில் "இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன்" போன்ற நிறுவனங்கள் இந்தப் பணியில் ஈடுபட்டிருக்கின்றன. பெண்களுக்கு உதவும் நிறுவனங்களும், குழந்தைகளுக்கு உதவும் நிறுவனங்களும் தனித்தனியே உண்டு. வேலை இப்படித்தான் பங்கு போடப்படுகிறது.

முதலில் தகவல் வருகிறது. தொண்டர்கள் சத்தம் இல்லாமல் விசாரிக்கிறார்கள். எத்தனை பேர், என்ன மொழி, குழந்தைகள் உண்டா என்று பார்த்து எழுதுகிறார்கள். பிறகு கலெக்டரிடமும் போலீசாரிடமும் சொல்கிறார்கள்.

அடுத்து மீட்பு. உள்ளே நுழையும் அதிகாரம் தொண்டர்களுக்குக் கிடையாது. அது சர்க்காருக்கு உரியது. கொத்தடிமை வழக்கானால் வருவாய்த் துறை அதிகாரி முன்னே நிற்பார். போலீசார் காவலுக்கு நிற்பார்கள். முதலாளியைத் தள்ளி நிறுத்திவிட்டு, தொழிலாளர்களைத் தனியே விசாரிப்பார்கள். முதலாளி எதிரே நின்றால், "சம்பளம் ஒழுங்காக வருகிறது, சாமி" என்றுதான் சொல்வார்கள்!

பிறகு விடுதலைச் சான்றிதழ். ஒரே ஒரு தாள். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் உயிர். அதைக் காட்டினால்தான் அரசு உதவி.

அதன் பிறகு வழக்கு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தின் 143-வது பிரிவு ஆள் கடத்தலைப் பற்றியது. குறைந்தது 7 ஆண்டு சிறை. குழந்தையைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு. ஆயுள் தண்டனையும் கிடைக்கலாம்.

மீண்ட பிறகுதான் சோதனை

கைது நடந்ததும் பத்திரிகையில் செய்தி வருகிறது. ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். மீண்டவருக்கு அன்றுதான் கஷ்டம் ஆரம்பம்.

ஊருக்குப் போனால் வீடு இருக்காது. ரேஷன் கார்டு இருக்காது. பேங்க் கணக்கு இருக்காது. பெண்ணாக இருந்தால் ஊரார் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இரவில் திடுக்கிட்டு எழுவார்கள். பழைய தரகன் மறுபடி வந்து, "5,000 ரூபாய் தருகிறேன், வா" என்பான். அடுப்பு எரியாத வீட்டில் அந்தச் சொல் இனிக்கும்.

மத்திய அரசின் திட்டப்படி, மீட்கப்பட்டவருக்கு 30,000 ரூபாய் வரை உடனடி உதவி உண்டு. பிறகு வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், விபசாரத்தில் தள்ளப்பட்டு மீண்டவர்களைப் போல் கொடிய துன்பத்துக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பெரிய தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். சாட்சி பயந்து பின்வாங்கினால் வழக்கே சாயும். இந்த இடத்தில்தான் போலீசாரும் தொண்டர்களும் ஒருவரை ஒருவர் நம்பி நிற்க வேண்டியிருக்கிறது.

இன்ஸ்பெக்டருக்கு நூறு வழக்கு இருக்கும். நாளைக்கே மாறுதல் உத்தரவும் வரலாம். தொண்டரோ மாதா மாதம் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்க்கலாம். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். கோர்ட்டு தேதியை ஞாபகப்படுத்தி, பஸ் ஏற்றிக் கூட்டி வரலாம். யாராவது மிரட்டினால் உடனே போலீசில் சொல்லலாம். சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு 2018-ம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஆனால் பாதுகாப்பு வேண்டும் என்று மனுப் போட வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு அதை எழுதிக் கொடுக்க ஒரு கை வேண்டுமே!

மீண்டவர் தங்கும் இல்லங்களையும் கண்காணிக்க வேண்டும். பூட்டி வைத்தால் அது இன்னொரு சிறை ஆகிவிடும். தையலோ, கம்ப்யூட்டரோ, ஒரு கைத்தொழில் கற்று, சொந்தக் காலில் நின்று வெளியே போகும் நாள்தான் உண்மையான விடுதலை நாள்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

வீட்டுப் பிள்ளை வெளியூர் வேலைக்குப் போகிறதா? கம்பெனியின் பெயர், விலாசம், அழைத்துப் போகிறவரின் விவரம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் வேறொருவர் கையில் கொடுத்து வைக்க வேண்டாம். முன்பணம் வாங்கினால் ரசீது கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், ஏஜெண்டு மத்திய அரசில் பதிவு செய்தவரா என்று பாருங்கள்.

ஸ்டேஷனில் தனியாக நிற்கும் குழந்தையைக் கண்டால் 1098-க்குப் போன் செய்யலாம். பெண்களுக்கு 181. அவசரம் என்றால் 112. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

பக்கத்து மனையில் கட்டிட வேலை நடக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் கடைத் தெருவுக்கே வருவதில்லை. குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. யாராவது பேச்சுக் கொடுத்தால் மேஸ்திரி குறுக்கே வந்து நிற்கிறார். இப்படிக் கண்டால் நீங்களே உள்ளே போய்ச் சண்டை போட வேண்டாம். அவர்களை இரவோடிரவாக வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். போலீசிலோ கலெக்டர் அலுவலகத்திலோ சொல்லுங்கள்.

அந்த 42 பேரும் வெளியே வந்தது ஒரு தகவலால். சொன்னவர்கள் பணக்காரர்களோ, பெரிய மனிதர்களோ இல்லை. பார்த்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.